சன்னலோர இருக்கை: எந்தப் பக்கம், எந்த வரிசை?

கேள்வி: வெண்முகில்

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அப்பாவை முதன்முறையாக விமானத்தில் அழைத்துச் செல்ல இருக்கிறேன். ரயிலில் ஏறினால் இறங்கும் வரை சன்னலை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார். எனவே கூடுதல் கட்டணம் செலுத்தியாவது காட்சி நன்றாகத் தெரியும் இருக்கையை அவருக்கு முன்பதிவு செய்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். போகும் விமானம் காலை ஏழரை மணிக்குப் புறப்பட்டு, ஏறத்தாழ நேர் வடக்காக இரண்டு மணி நேரம் பறக்கிறது. திரும்பும் விமானம் மாலை நான்கரை மணிக்கு, அதே வழியாகத் தெற்கு நோக்கி வருகிறது. வழியின் பெரும்பகுதியில் மேற்கே ஒரு நீண்ட மலைத்தொடரும், கிழக்கே சமவெளியும் அதன் நடுவே ஓர் ஆறும் இருக்கின்றன. இரண்டுமே போயிங் 737-800 என்று பயணச்சீட்டில் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

போகும்போது இடப்பக்கம் அமர்ந்தால் மலை தெரியும் என்பது வரைபடத்தைப் பார்த்தாலே விளங்குகிறது. திரும்பும்போது அதே மலை வலப்பக்கம் வரும் என்பதால் பக்கத்தை மாற்றிக்கொண்டால் போதும் என்று முதலில் தோன்றியது. ஆனால் மாலையில் மேற்குப் பக்கம் அமர்ந்தால் வெயில் நேராக முகத்தில் அடிக்குமே, மறைப்பை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பதற்கா இவ்வளவு ஏற்பாடு என்ற ஐயமும் எழுகிறது. வரிசையைப் பொறுத்தவரை, இறக்கைக்கு முன்னால் அமர்வது நல்லதா, பின்னால் அமர்வது நல்லதா என்பதில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சென்ற பயணத்தில் சன்னலோர இருக்கை என்று பணம் கட்டி வாங்கிய இடத்தில் எனக்குக் கிடைத்தது வெறும் சுவர், சன்னலே இல்லை. விமான நிறுவனத்திடம் முறையிட்டபோது, சுவரை ஒட்டிய இருக்கையைத்தான் அவ்வாறு குறிப்பிடுகிறோம் என்று பதில் வந்தது. அப்பாவுக்கு அப்படி நேர்ந்துவிடாமல் முன்கூட்டியே கண்டறிய வழி உண்டா?

மறுமொழி: திசைகாட்டி

வணக்கம். வரிசையைப் பிறகு பார்க்கலாம். முதலில் பக்கத்தை முடிவு செய்யுங்கள். பக்கத்தை முடிவு செய்வதற்கு வரைபடத்தைவிடக் கடிகாரம் முக்கியம் என்பது என் கருத்து. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் அமர்ந்தால், வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து நிலத்தின்மீது விழும். நிறங்கள் தெளிவாக இருக்கும். வயலும் ஊரும் சாலையும் தனித்தனியே அடையாளம் தெரியும். சூரியன் இருக்கும் பக்கம் அமர்ந்தாலோ கண் கூசுவது ஒரு தொல்லை மட்டும்தான். அதைவிடப் பெரிய தொல்லை காற்றிலுள்ள தூசியும் ஈரப்பதமும். அந்தத் துகள்கள் ஒளியை முன்னோக்கிச் சிதறடிப்பதால், சூரியனை நோக்கிப் பார்க்கும்போது புகைமூட்டம் முழுவதும் வெள்ளையாக ஒளிர்ந்து தரையை மறைத்துவிடுகிறது. அதே நாளில், அதே நேரத்தில், நடைவழிக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருப்பவருக்கு நிலம் தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கும்.

உங்கள் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். காலையில் வடக்கு நோக்கிப் பறக்கும்போது கிழக்கு உங்கள் வலப்பக்கம், சூரியனும் அங்கேதான். எனவே இடப்பக்கம் நிழல். மாலையில் தெற்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு வலப்பக்கம் வருகிறது. சூரியனும் இதற்குள் மேற்கே போய்விட்டது. ஆகவே மீண்டும் இடப்பக்கமே நிழல். திரும்பும்போது பக்கத்தை மாற்ற வேண்டும் என்று பலரும் நினைப்பது, பார்க்க வேண்டிய பொருளை மட்டும் கணக்கில் கொண்டு, வெளிச்சத்தை மறந்துவிடுவதால்தான். நானாக இருந்தால் இரண்டு முறையும் ‘ஏ’ இருக்கையையே எடுப்பேன். முன்னோக்கி அமர்ந்திருக்கும்போது இடக்கைப்பக்கச் சன்னல் எப்போதும் ‘ஏ’தான். வலப்பக்கச் சன்னல் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற ஒற்றை நடைவழி விமானங்களில் ‘எஃப்’. இரட்டை நடைவழி கொண்ட பெரிய விமானங்களில் பெரும்பாலும் ‘கே’.

காலைப் பயணத்தில் உங்களுக்கு இரட்டை ஆதாயம் உண்டு. கிழக்கிலிருந்து தாழ்வாக விழும் வெயில் மலைத்தொடரின் உங்களை நோக்கிய சரிவை நேராக ஒளியூட்டும். சூரியன் தாழ்வாக இருப்பதால் ஒவ்வொரு மடிப்புக்கும் பள்ளத்தாக்குக்கும் நீண்ட நிழல் விழும். மலையின் ஏற்ற இறக்கம் கண்ணுக்குப் புலப்படுவது அந்த நிழலால்தான். உச்சி வெயிலில் அதே மலை தட்டையாகத் தெரியும். அதோடு, தரை சூடேறிய பிறகு மலைகளின்மேல் மேகம் திரளத் தொடங்கும் என்பதால், காலை விமானத்தில் மலை முழுதாகத் தெரியும் வாய்ப்பும் அதிகம்.

கிழக்கு மேற்காகப் பறப்பவர்களுக்காக ஒரு குறிப்பைச் சேர்த்துவிடுகிறேன். வெப்பமண்டலத்துக்கு வடக்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில் இருப்பதால், கிழக்கு நோக்கிச் செல்வோருக்கு இடப்பக்கமும் மேற்கு நோக்கிச் செல்வோருக்கு வலப்பக்கமும் நிழலாக அமையும். தென்கோளத்தில் இது தலைகீழ். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலே நிற்பதால் அந்த நேரத்தில் எந்தப் பக்கம் அமர்ந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை.

மறுமொழி: பின்வரிசைக்காரன்

பக்கத்தைப் பற்றித் திசைகாட்டி சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. வரிசையைப் பற்றிச் சொல்கிறேன். சன்னல் இல்லாத இருக்கையின் மர்மத்தையும் விளக்குகிறேன்.

737-800 விமானத்தில் இடப்பக்கச் சுவருக்குள், இறக்கைக்குச் சற்று முன்னால், கீழிருந்து குளிர்காற்றை மேலே கொண்டுசெல்லும் குழாய் செல்கிறது. அந்த இடத்தில் சன்னல் வைக்க வழியில்லை. இருக்கைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இது ஒரு நிறுவனத்தில் ஒன்பதாவது வரிசையாகவும், இன்னொன்றில் பத்தாகவும், வேறொன்றில் பதினொன்றாகவும் இருக்கும். நீங்கள் இரண்டு முறையும் இடப்பக்கமே எடுப்பதாக இருந்தால் இந்த வரிசைகளை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். விமான நிறுவனத்தின் இணையதளத்தில் காட்டும் இருக்கைப் படம் இதற்கு உதவாது. அதில் எல்லா இருக்கையும் ஒரே மாதிரியான கட்டங்கள்தான். ஏரோலோபா என்ற தளத்தில் நிறுவனம்வாரியாக, விமான வகைவாரியாக, சன்னல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பது வரை அளவு மாறாமல் வரைந்திருக்கிறார்கள். அதைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு இருக்கையைத் தேர்ந்தெடுங்கள்.

சன்னல் இருக்கிறது என்பதோடும் நின்றுவிடக் கூடாது. 737இன் உடற்சட்டகம் 20 அங்குல இடைவெளியில் அமைந்திருப்பதால் சன்னல்களும் அதே இடைவெளியில்தான் வரும். ஏ320இல் அது 21 அங்குலம். இருக்கை வரிசைகளோ 28 முதல் 32 அங்குல இடைவெளியில் போடப்படுகின்றன. இந்த இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துவதே இல்லை என்பதால், ஒரு வரிசையில் இரண்டு சன்னல்கள் கண்ணுக்கு நேராக அமையும். அடுத்த வரிசையில் இருப்பவருக்குக் காதுக்கு நேராக ஒரு சன்னலும், முழங்காலுக்கு நேராக ஒரு சன்னலும் வாய்த்து, இடையில் உள்ள சுவர்தான் முகத்துக்கு எதிரே நிற்கும். அப்பாவுக்காக எடுக்கிறீர்கள், கழுத்தைத் திருகிக்கொண்டு இரண்டு மணி நேரம் அமர வைக்காதீர்கள். கண் மட்டத்துக்குச் சற்று முன்னால் சன்னல் வரும் வரிசையே வசதியானது.

இனி, முன்னாலா பின்னாலா என்ற பழைய வழக்கு. ஒற்றை நடைவழி விமானங்களில் இறக்கை ஏறத்தாழப் பத்தாவது வரிசையிலிருந்து இருபதாவது வரிசை வரை கீழ்க்காட்சியை மறைத்துக்கொள்கிறது. அவசரகால வழி வரிசைகளில் கால் நீட்ட இடம் தாராளமாக இருக்கும், ஆனால் கீழே பார்த்தால் இறக்கையின் தகடுதான். இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், அதற்கு நேர் பின்னால் அமர்பவருக்கும் பக்கவாட்டில் இறக்கையின் நுனி குறுக்கே வந்துகொண்டே இருக்கும். முதல் ஏழு வரிசைகளில் இந்தத் தொல்லை இல்லை. கீழேயும் முன்னேயும் தடையின்றித் தெரியும். இன்ஜினிலிருந்து வெளியேறும் வெப்பக்காற்றும் அங்கே வராது. இறக்கைக்குப் பின்னால், குறிப்பாக ஒளிப்படம் எடுப்பவர்களுக்கு, அந்த வெப்பக்காற்றின் வழியாகப் பார்க்கும் பகுதி கலங்கி அலையடிப்பதுபோல் தெரியும்.

இவ்வளவு சொல்லிவிட்டும் நான் பின்வரிசையை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. முன்வரிசைகளுக்கு நிறுவனங்கள் வசூலிக்கும் தொகை சில நேரங்களில் நியாயத்தைத் தாண்டிவிடுகிறது. கடைசி ஐந்தாறு வரிசைகள் பெரும்பாலும் மலிவு. அங்கிருந்து பார்த்தால் இறக்கை நன்றாக முன்னே தள்ளிப் போய்விடுவதால் பக்கவாட்டுக் காட்சி திறந்தே இருக்கும். தரையிறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பிலிருந்து தகடுகள் படிப்படியாக நீண்டு கீழே வளைவதையும், ஓடுபாதையைத் தொட்டவுடன் இறக்கையின் மேல்தகடுகள் சட்டென்று நிமிர்வதையும் காணலாம். முதன்முறை பறப்பவருக்கு அதுவும் ஒரு காட்சிதான்.

மறுமொழி: மலைமுகடு

திசைகாட்டியின் விதி நல்ல விதி. ஆனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. பார்க்க வேண்டிய பொருள் ஒரே பக்கத்தில் இருக்கும்போது, வெயிலுக்கு அஞ்சி மறுபக்கம் அமர்வது திருவிழாவுக்குப் போய்த் தேருக்கு முதுகைக் காட்டி நிற்பதற்குச் சமம். டெல்லியிலிருந்து காட்மண்டுவுக்குப் பறப்பவர்கள் எந்த நேரமாக இருந்தாலும் இடப்பக்கம்தான் அமர வேண்டும், ஏனென்றால் இமயம் வடக்கில் இருக்கிறது. காட்மண்டுவிலிருந்து பூட்டானின் பாரோவுக்குப் போகும்போதும் இடப்பக்கம். எவரெஸ்ட் அந்தப் பக்கம்தான் வரும். திரும்பும்போது வலப்பக்கம். டோக்கியோவின் ஹனேடாவிலிருந்து ஒசாகாவுக்குச் செல்பவர்கள் ஃபூஜி மலைக்காக வலப்பக்கத்தையும், ஒசாகாவிலிருந்து வருபவர்கள் இடப்பக்கத்தையும் கேட்டு வாங்குவது வழக்கம்.

எனவே வெண்முகில் அவர்களே, திரும்பும் பயணத்தில் வலப்பக்கத்தை அவ்வளவு எளிதாகக் கைவிட வேண்டாம். மாலை நான்கரைக்குப் புறப்பட்டால் பயணத்தின் இரண்டாம் பாதியில் சூரியன் மிகவும் தாழ்ந்துவிடும். அப்போது மலையின் சரிவில் உள்ள விவரங்கள் தெரியாது என்பது உண்மை. ஆனால் அடுக்கடுக்கான முகடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீலத்தில், கிட்டே உள்ளது கருமையாகவும் எட்டே உள்ளது வெளிறியும், தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து தெரிவது எதிர்வெளிச்சத்தில் மட்டும்தான். முற்பகுதி வெயிலில் மறைப்பைப் பாதி இறக்கிவிட்டுச் சமாளித்துக்கொள்ளலாம். சூரியன் இருக்கும் பக்கத்துக்கு இன்னொரு தனிச்சிறப்பும் உண்டு. நீர்நிலைகள் எல்லாம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், மறுபக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணில் படவே படாத சிறு குளங்களும் ஓடைகளும் விமானம் நகர நகர ஒன்றன்பின் ஒன்றாகப் பளிச்சிட்டு அணையும்.

பக்கத்தை முடிவு செய்யும் முன் வரைபடத்தில் கோடு கிழித்துப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஃபிளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமான எண்ணைக் கொடுத்தால் கடந்த சில நாட்களில் அது உண்மையில் பறந்த தடம் கிடைக்கும். நீண்ட பயணங்களில் இது இன்னும் அவசியம், ஏனென்றால் தட்டையான வரைபடத்தில் நேர்க்கோடாகத் தெரிவது உருண்டையான பூமியில் குறுகிய வழி அல்ல; லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குச் செல்லும் விமானங்கள் பல நாட்களில் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் கடந்தே போகின்றன என்பது முதன்முறை பறப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

தடத்தைப் பார்க்கும்போது, மலை தடத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நேர் கீழே இருப்பது எந்தப் பக்கத்துச் சன்னலிலிருந்தும் தெரியாது, விமானத்தின் வயிற்றுப்பகுதி மறைத்துவிடும். பத்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து 45 பாகை கோணத்தில் கீழே பார்த்தால் கண்ணில் படும் இடம் பக்கவாட்டில் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அந்த உயரத்தில் தொடுவானம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்றாலும், அவ்வளவு தூரம் ஊடுருவிப் பார்க்கக் காற்று விடுவதில்லை. என் அனுபவத்தில் தடத்திலிருந்து பதினைந்து முதல் அறுபது கிலோமீட்டருக்குள் இருப்பவைதான் மனநிறைவாகக் காணக் கிடைப்பவை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இந்த எல்லை வெகுவாக விரியும். அதை முன்பதிவு செய்ய முடியாது என்பது வேறு.

உயரம் குறைந்தால் காட்சி பெருகும் என்பதால், வாய்ப்புக் கிடைக்கும்போது அப்பாவை ஏடிஆர் 72 போன்ற சிறிய விமானத்திலும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். காட்மண்டுவுக்கும் பொக்காராவுக்கும் இடையே பறப்பவை அவைதான். இறக்கை கூரைக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் கீழ்க்காட்சியை அது மறைப்பதில்லை. ஜெட் விமானங்களைவிடத் தாழ்வாகவும் மெதுவாகவும் பறப்பதால் ஆறும் சாலையும் தெளிவாகப் புலப்படும். சுழலியை ஒட்டிய வரிசைகளை மட்டும் தவிர்த்துப் பின்னால் அமர்ந்தால் போதும்.

மறுமொழி: திசைகாட்டி

மலைமுகடு அவர்களின் வாதத்தை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. எதிர்வெளிச்சத்தில் முகடுகள் அழகாகத் தெரிவதற்குக் காற்று ஓரளவாவது தூய்மையாக இருக்க வேண்டும்; கோடைப் புகைமூட்டத்தில் மலையும் தெரியாது, சூரியனும் ஒரு மங்கல் வட்டமாகவே தெரியும். அதற்கு மாறாக, மாலையில் இடப்பக்கம் அமர்பவருக்கு மேகம் இருந்தாலும் ஆதாயம்தான். சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில், கீழே உள்ள மேகப்பரப்பின்மீது, உள்ளே நீலமும் வெளியே சிவப்புமாகச் சிறிய வண்ண வளையங்கள் விமானத்தோடு கூடவே ஓடிவரும். மேகம் அருகில் இருந்தால் வளையத்துக்குள் விமானத்தின் நிழலும் தெரியும். வளையத்தின் மையம் நிழலில் எந்த இடத்தில் விழுகிறது என்று உற்றுப் பாருங்கள். உங்கள் இருக்கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் விழும். முன்வரிசையில் இருப்பவருக்கு மூக்கருகிலும் கடைசி வரிசையில் இருப்பவருக்கு வால் அருகிலும் மையம் அமையும். ஒரே விமானத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வளையம்.

சூரியன் மறைந்த பிறகும் இடப்பக்கத்துக்கு வேலை உண்டு. கிழக்குத் தொடுவானத்தில் சாம்பல் நீலப் பட்டை ஒன்று மெல்ல எழும். அதன்மேல் இளஞ்சிவப்புப் பட்டை. கீழே இருப்பது பூமியின் சொந்த நிழல். விமானத்தின் உயரத்தில் தொடுவானம் மூன்று பாகைக்கும் மேலாகத் தாழ்ந்து போவதால், தரையில் இருப்பவர்களைவிடப் பத்து நிமிடத்துக்கும் மேல் தாமதமாகத்தான் உங்களுக்குச் சூரியன் மறையும். நேர் மேற்காகப் பறந்தால் இந்தத் தாமதம் இன்னும் நீளும். 60 பாகை அட்சரேகையில் பூமியின் சுழற்சி வேகம் மணிக்கு ஏறத்தாழ 835 கிலோமீட்டர்தான் என்பதால், அங்கே மேற்கு நோக்கிச் செல்லும் ஜெட் விமானத்திலிருந்து பார்ப்பவருக்குச் சூரியன் தொடுவானத்திலேயே நின்றுவிட்டதுபோல் தோன்றும்.

மறுமொழி: கண்ணாடிக்கு அப்பால்

இருக்கையைப் பற்றி எல்லாம் பேசியாயிற்று. சன்னலைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். நாம் கை வைத்துத் தொடுவது வெறும் கீறல் தடுப்புப் பலகை. அதற்கு அப்பால் காற்றழுத்தத்தைத் தாங்கும் வெளிப்பலகையும், அதற்குக் காவலாக நடுப்பலகையும் இருக்கின்றன. நடுப்பலகையின் அடியில் ஊசித்துளை போன்ற ஒரு சிறு ஓட்டை இருக்கும். இடையில் உள்ள அழுத்தத்தைச் சமன்செய்யவும் ஈரத்தை வெளியேற்றவும் வைத்தது. உயரே பறக்கும்போது அந்தத் துளையைச் சுற்றிப் பனிப்படிகங்கள் இழை இழையாக வளர்வதைக் காணலாம், அப்பாவுக்குக் காட்டுங்கள்.

ஒளிப்படம் எடுப்பதாக இருந்தால், ஏறியவுடன் உட்பலகையை மென்மையான துணியால் துடைத்துவிடுங்கள். முந்தைய பயணங்களில் அமர்ந்தவர்கள் தலை சாய்த்த எண்ணெய்த் தடம் அதில் கட்டாயம் இருக்கும். கேமரா வில்லையைச் சன்னலுக்கு மிக அருகில் கொண்டுபோங்கள், ஆனால் அதன்மீது அழுத்திப் பிடிக்காதீர்கள். அதிர்வு படத்தைக் கலைத்துவிடும். பளபளப்பைக் குறைக்க வில்லையின் முன் பொருத்தும் போலரைசர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். அழுத்தத்தில் இருக்கும் சன்னலின் அக்ரிலிக் பலகையும் அந்த ஃபில்டரும் சேர்ந்தால் வானம் முழுவதும் வானவில் திட்டுகளாகத் தெரியும். போலரைஸ்டு குளிர்கண்ணாடி அணிந்தாலும் இதேதான். இருட்டிய பிறகு எடுப்பதாக இருந்தால் கேபின் விளக்கு சன்னலில் பிரதிபலிக்காமல் இருக்கத் தலையையும் கேமராவையும் ஒரு கருநிறத் துணியால் மூடிக்கொள்ளலாம். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை.

போயிங் 787இல் பறக்கும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் சன்னல்கள் வழக்கமானவற்றைவிட மிகவும் பெரியவை என்பது உண்மை. ஆனால் இழுத்து மூடும் மறைப்புக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தினால் கருமையாகும் கண்ணாடி இருக்கிறது, அதைப் பணியாளர்கள் ஒரே இடத்திலிருந்து மொத்தமாகக் கருக்கிவிடவும் முடியும். நீண்ட பகற்பயணங்களில் மற்றவர்கள் உறங்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்வது உண்டு. அந்த நேரத்தில் வெளியே எவ்வளவு பெரிய பனிமலை வந்தாலும் அடர்நீலச் சாயத்தின் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

வெண்முகில்

அனைவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஏரோலோபாவில் பார்த்ததில் எங்கள் விமானத்தில் சன்னல் இல்லாத இடம் பத்தாவது வரிசை ‘ஏ’ என்று தெரிகிறது; நான் அப்பாவுக்காகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்ததும் ஒன்பதாவது வரிசைதான், நூலிழையில் தப்பியிருக்கிறேன். போகும்போது ஐந்தாவது வரிசை ‘ஏ’ உறுதி. ஃபிளைட்ரேடாரில் கடந்த வாரத் தடங்களைப் பார்த்ததில் மலைத்தொடர் தடத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில் வருகிறது. திரும்பும்போது மட்டும் இன்னும் மனம் ஊசலாடுகிறது. அப்பாவிடம் இரண்டையும் விளக்கிக் கேட்டேன்; “போகும்போதுதான் மலையைப் பார்த்துவிடுவேனே, வரும்போது ஆற்றைப் பார்க்கிறேன்” என்றார். ஆறு கிழக்கில் இருப்பதால் அதுவும் இடப்பக்கம்தான். எனவே அவருக்கு ‘ஏ’, எனக்கு அதே வரிசையில் ‘எஃப்’ என்று எடுத்துவிட்டு, மலை நன்றாகத் தெரிந்தால் இருவரும் இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். இதில் ஏதும் சிக்கல் உண்டா?

மறுமொழி: பின்வரிசைக்காரன்

சிக்கல் இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் நடுவிலும் நடைவழியிலும் அமர்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் எழுந்து வழிவிட வேண்டியிருக்கும். ஒருமுறை மாற்றிக்கொண்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இருக்கைவார் விளக்கு அணைந்த பிறகு, விமானம் கீழிறங்கத் தொடங்கும் முன் மாற்றிக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு எந்தப் பக்கம் முக்கியமோ அந்தப் பக்கத்தில் அவர் தரையிறங்கும்போது இருக்கட்டும், ஏனென்றால் கடைசி இருபது நிமிடங்களில்தான் வீடுகளும் வாகனங்களும் பார்க்கும் அளவுக்கு நெருங்கி வரும்.

இறங்கும் திசையை மட்டும் முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. காற்றை எதிர்த்துத்தான் இறங்குவார்கள் என்பதால் ஒரே ஓடுபாதையின் எந்த முனை என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. ஓடுபாதை எண்ணைப் பத்தால் பெருக்கினால் திசை பாகையில் கிடைக்கும். 09 என்றால் கிழக்கு நோக்கி, 27 என்றால் மேற்கு நோக்கி. கடைசித் திருப்பத்தில் விமானம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கச் சன்னலில் நிலமும், மறுபக்கச் சன்னலில் வெறும் வானமும் தெரியும். உங்கள் விமானத்தின் முந்தைய நாட்களின் தடங்களில் அந்தத் திருப்பம் இடமா வலமா என்று பாருங்கள். நான்கைந்து நாட்கள் ஒரே மாதிரி இருந்தால் அதையே நம்பலாம்.

கடைசியாக ஒன்று. புறப்படுவதற்கு முந்தைய நாள் விமான வகை மாறியிருக்கிறதா என்று முன்பதிவுப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 737க்குப் பதிலாக வேறொன்றை அனுப்பினால் உங்கள் ஐந்தாவது வரிசை ஐந்தாவதாகவே இருக்கும், ஆனால் சன்னல்கள் இடம் மாறியிருக்கும்.